உதைக்கிற கழுதையோடு இரண்டு வருடம்

என்னிடம் இருக்கும் ரிமோட் கன்ட்ரோல் டிரக்கின் விலை இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் போன வாரம் ஃபோன் செய்தார். "உங்க டிரக் எப்படிங்க, வாங்கலாமுங்களா?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. இடது பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டு, கை முழுக்க சிலிக்கோன் ஆயிலோடு, கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்ட இ-கிளிப்பை (E வடிவக் குட்டிக் கிளிப்) டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வாயில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டு இப்போது எழுதுகிறேன்.

வண்டி 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ஸ்டேடியம் டிரக், 2 செல் லிப்போ பேட்டரி. மீதியெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். மோட்டார், முன் சக்கரத்தைத் திருப்பும் சர்வோ எதிலும் குறையில்லை. டிஃப்பை (இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல்) இதுவரை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் இரண்டு உடைந்தது உண்மைதான், ஆனால் மனைப்பிரிவின் அளவுக்கல்லில் நேராகக் கொண்டுபோய் மோதினால் எந்த ஆர்ம் தாங்கும்? அதை வண்டியின் கணக்கில் எழுத மாட்டேன்.

என் வயிற்றெரிச்சல் எல்லாம் பின் ஷாக்கில்தான்.

நான் ஓட்டுவது கோவைக்கு வெளியே, சைட் பிரித்து விற்காமல் கிடக்கும் ஒரு காட்டில். மண் கொட்டி வைத்த மேடு ஒன்று உண்டு, அதுதான் எங்கள் ஜம்ப். வாங்கிய முதல் வாரத்திலிருந்தே மேட்டின் உச்சியில் வண்டியின் பின்பக்கம் தூக்கி அடிக்கும், மூக்கு குத்திக்கொண்டு விழும். ஸ்பீடு பிரேக்கரில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நடக்குமோ அதேதான். காற்றில் இருக்கும்போது திராட்டிலைக் கொடுத்தால் சக்கரம் வேகமெடுத்து மூக்கு மேலே வரும் என்பது தெரியும், அப்படிச் சமாளித்தும் பார்த்தேன். பத்தில் மூன்று தடவை பலித்தது.

ஸ்பிரிங் தான் விரிந்து உதைக்கிறது, அதை அடக்க ஆயில் கெட்டியாக இருக்கவேண்டும் என்று முடிவு கட்டினேன். யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் தோன்றும். கம்பெனி ஊற்றியிருந்தது 30 வெயிட் ஆயில், எண் கூடக் கூட ஆயில் கெட்டி. அதை 40 ஆக்கினேன், அப்புறம் 50. உதை கூடியதே தவிரக் குறையவில்லை. நடுவில் ஸ்பிரிங்குக்கு மேலே மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு மாதம் வீணடித்தேன். அந்தக் கிளிப் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதில்லை, வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. ஒரு அடி உயரத்திலிருந்து வண்டியைக் கீழே போட்டால் பின் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் ஏறக்குறைய தரைக்கு இணையாக வந்து நிற்கும்படி வைத்துவிட்டு, கிளிப்பை மறந்துவிடலாம்.

மர்மத்தை உடைத்தது எங்கள் தெரு லேத் பட்டறை அண்ணன். ஷாக்கின் அடி மூடி இறுகிப்போய் வரவில்லை என்று அவரிடம் கொண்டுபோனேன். கழற்றினார், ஆயிலுக்குள் ஏறி இறங்கும் துளை போட்ட பிஸ்டனை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதென்ன தம்பி, ரெண்டு ஓட்டைல ஒண்ணு அடைச்சுட்டிருக்குது? பிசிறு பாருங்க."

பிசிறு! மோல்டிங்கில் பிதுங்கிய நகக்கண் அளவு பிளாஸ்டிக் ஒரு துளையைப் பாதிக்குமேல் மூடியிருந்தது. நான்கு தடவை ஆயில் மாற்றியிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்தப் பிஸ்டனை உற்றுப் பார்க்கவில்லை. ஆயில் நிரப்பிய அலுமினிய ஷாக்கோடு அசோசியேட்டட் கம்பெனியின் ஆர்சி10 ரிமோட் வண்டி வந்தது 1984-இல். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலம் கழித்து வண்டி செய்கிறவர்களுக்கு ஒரு பிசிறைச் சீவ வலிக்கிறதா?

பிசிறை எடுத்ததும் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி ஆனது, ஆனால் உதை முழுசாகப் போகவில்லை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ஓங்கித் தள்ளினால் கட்டையாக நின்றுவிடும். பின் ஷாக்கிலும் அதுதான் நடக்கிறது. மேட்டில் வேகமாக ஏறும்போது ஆயிலுக்குச் சின்னத் துளையில் புகுந்து வெளியேற நேரமில்லை, ஷாக் அமுங்காமல் கம்பி போல் நிற்கிறது, மேடு நேரடியாக வண்டியைத் தூக்கி எறிகிறது. ஓட்டுகிறவர்கள் இதைத்தான் 'பேக் ஆகுது' என்பார்கள். ஸ்பிரிங் பாவம், அதன்மேல் பழி போட்டு நான் கெட்டி ஆயிலாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணனிடமே பிஸ்டனின் 1.3 மில்லிமீட்டர் துளையை 1.5 ஆக்கித் தரச் சொன்னேன். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் துளையின் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே 30 ஆயிலோடு ஓட்டினால் வளைவில் வண்டி தொட்டில் மாதிரி ஆடியது, அதனால் 40 ஊற்றினேன். ஒரு எச்சரிக்கை: இந்த வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் ஊற்றும் ஆயிலில் 30 என்றால் 350 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), 40 என்றால் 500. புட்டியில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். ஷாக் மாட்டும் டவரில் அதன் மேல்முனையை ஒரு துளை உள்ளே தள்ளி மாட்டினேன், கரடுமுரடில் இன்னும் கொஞ்சம் மெத்தென்று ஆனது.

அடுத்த ஞாயிறு மேட்டில் விட்டேன். வண்டி சமமாகப் பறந்து, நான்கு சக்கரத்திலும் ஒரே நேரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, அப்படியே ஓடியது. எனக்குக் கை நடுங்கியது. திரும்பத் திரும்ப, பேட்டரி தீரும்வரை அந்த ஒரே மேடு. தொழிற்சாலையிலிருந்து வந்த எந்த வண்டியிலும் எனக்குக் கிடைக்காத சுகம் அது.

சரி, அடுத்தது ஷாக்கில் ஆயில் ஒழுகல். இதில் பாதித் தப்பு என்னுடையது. ஓ-ரிங்கைப் பெட்ரோலில் கழுவினேன், ரப்பர் ஊறி உப்பிவிட்டது. புது ஓ-ரிங் போட்டும் இடது ஷாக் மாதம் ஒருமுறை வியர்க்கிறது. பின் சக்கரம் வாரி அடிக்கும் செம்மண் தூள் ஷாக்கின் தண்டில் கோடு போட்டுவிட்டது, அந்தக் கோடு வழியாகத்தான் ஆயில் வருகிறது. பிறந்தநாள் பலூனை வெட்டித் தண்டுக்கு உறையாக மாட்டியிருக்கிறேன். பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் வேலை செய்கிறது. ஆயில் நிரப்பியதும் தண்டை மெதுவாக ஏற்றி இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே நிறுத்தி வையுங்கள், குமிழி எல்லாம் மேலே வந்துவிடும். அவசரப்பட்டு மூடினால் ஷாக் உள்ளே சளசளவென்று சத்தம் கேட்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

இப்போது நண்பருக்கு என்ன சொல்வது? டிஃப் நல்லது, மோட்டார் நல்லது, விலையும் இறங்கியிருக்கிறது, பின் ஷாக் நான் சொன்னபடி செய்தால் தங்கம். வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளின் பிசிறை நான் எதற்குச் சீவவேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குச் சைட்டுக்கு வந்தால் என் வண்டியைத் தருகிறேன், மேட்டில் விட்டுப் பாருங்கள். விலை மட்டும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டேன்.

இ-கிளிப் இன்னும் கிடைக்கவில்லை.