பேண்டை விட்டுத் தனியே நிற்கும் ராப்-ராக் குரலுக்கு: ஷூர் எஸ்எம்58 மைக்

பேண்டில் இருக்கும்வரை பாடகரின் குறையில் பாதி கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூச்சு எங்கே அறுகிறது, எந்தச் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்குகிறார் என்பதெல்லாம் டிஸ்டார்ஷன் இரைச்சலில் யார் காதிலும் விழாது. லேப்டாப்பில் ட்ராக்கை ஓடவிட்டுத் தனியாக மேடையேறும் அன்றைக்கு எல்லாம் வெட்டவெளிச்சம்.

ஸாக் டி லா ரோச்சாவைக் கேட்டால் இது புரியும். 2000 அக்டோபரில் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' என்ற அமெரிக்க ராப்-ராக் பேண்டை விட்டு விலகிய பாடகர் அவர். 2008 ஜூலையில் டிரம்மர் ஜான் தியடோருடன் சேர்ந்து 'ஒன் டே ஆஸ் எ லயன்' என்ற பெயரில் 5 பாட்டுகளை வெளியிட்டார். பழைய பேண்டில் டாம் மொரெல்லோவின் கிடார் இருந்த இடத்தில் ஸாக்கே வாசிக்கும் கரகரத்த கீபோர்டு, அதோடு டிரம்ஸ், அவ்வளவுதான். கீபோர்டு ஒலியின் தாழ்ந்த பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. நடுப்பகுதி முழுக்கக் குரலுக்கு. தனியாகப் போகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்த இடப்பங்கீடுதான். அடுத்தது மைக்.

எஸ்எம்58 1966-இல் வந்தது. எடை 298 கிராம். 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை எடுக்கும். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இதற்கு ஒரு தூக்கல் உண்டு. ச, ட, க போன்ற வல்லினங்கள் தெறித்துக் கேட்க அந்தத் தூக்கல் கைகொடுக்கும். வேகமாகத் தமிழ் ராப் சொல்பவருக்கு இது பெரிய வரம். தமிழ் 'ப' இங்கிலீஷ் 'பி' அளவுக்குக் காற்றைத் தள்ளாது என்றாலும், 'தப்பு', 'துப்பு' என்று இரட்டித்து அழுத்தும்போது பாக்ஸ் 'டொப்'பென்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராகக் குத்தாமல், தாடைப் பக்கமிருந்து 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் காற்று மேலே போய்விடும்.

உதடு கம்பிவலையை ஒட்டினால் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 6 முதல் 10 டெசிபெல் வரை கனம் ஏறும். தாழ்ந்த குரலில் சொல்லும் வரிகளுக்கு அது அழகு. அதே தூரத்தில் கத்தினால் சொல் குழைந்து கூழாகிவிடும். ராப் வரிக்கு இரண்டு விரற்கடை, கத்தும் இடத்தில் ஒரு சாண் என்று கையைப் பழக்க வேண்டும். மிக்சரில் மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டும் 'லோ கட்' பட்டன் இருந்தால் அழுத்திவிடச் சொல்லுங்கள்.

இந்த மைக் மேல் வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே காரியத்தால் வருபவை: உருண்டையைக் கையால் பொத்திப் பிடிப்பது. ராப் பாடகர்களுக்கு அந்தப் பிடி பிடிக்கும், பார்க்கவும் கம்பீரம்தான். ஆனால் உள்ளே ஒலியை வாங்கும் பாகமான கேப்ஸ்யூலின் பின்பக்கம் சிறு துவாரங்கள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒலி அவற்றின் வழியே நுழைந்து தன்னைத்தானே அடித்துக்கொள்வதால்தான் மைக் முன்பக்கத்தை மட்டும் கேட்கிறது. துவாரத்தைப் பொத்தினால் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கும். மானிட்டர் (பாடகருக்கே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) சத்தம் உள்ளே புகுந்து 'கூ'வென்று ஊளையிடும். குரலும் மூக்கடைத்தது போல ஆகும். கைப்பிடியின் நடுவில் பிடியுங்கள். மானிட்டர் பாக்ஸ், மைக்கின் வால் நேராக நோக்கும் திசையில் இருக்கட்டும். ஷூரின் இன்னொரு மாடலான பீட்டா 58ஏ வாங்குகிறவர்கள் கவனிக்க: அது சூப்பர்கார்டியாய்டு, அதாவது நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும். அதற்கு மானிட்டர் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேடைக்கு மேடை மானிட்டர் இடம் மாறும் நம் ஊர்ப்பக்கத்துக்கு 58-தான் பொறுத்துப்போகும்.

இனி மைக் செட். கல்யாண மண்டபத்திலும் திருவிழா மேடையிலும் எக்கோ குமிழைத் திருப்பிவைத்தே ஆபரேட்டர்களுக்குப் பழக்கம். மெல்லிசைக்கு அது ஒத்துப்போகும். ராப்புக்கு ஒவ்வொரு அசையும் அடுத்த அசைமேல் ஏறி எதுவும் விளங்காது. "அண்ணே, எக்கோ சுத்தமா வேணாம்" என்று சவுண்ட் செக்கிலேயே சொல்லிவிடுங்கள். கெயின் (மிக்சர் மைக் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற அளவு) வைக்கும்போது மெதுவாக 'ஹலோ' சொல்லக்கூடாது. பாட்டிலேயே உரக்கக் கத்தும் வரியைக் கத்துங்கள். சிவப்பு விளக்கு எரியாத அளவில் நிறுத்தச் சொல்லுங்கள்.

ட்ராக் பக்கம் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து இரண்டு கருப்புக் கோடு உள்ள ஸ்டீரியோ பின்னை நேராக மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் சொருகுவார்கள். மிக்சர் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். நடுவில் இருக்கும் கிக்கும் பேஸும் காணாமல் போய், ஓரத்துக் கிடார் மட்டும் சலசலக்கும். லேப்டாப் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் ஒன்று கையோடு வைத்திருங்கள். சார்ஜர் போட்டதும் 'ம்ம்' என்று இரைந்தால் அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளினால் பெரும்பாலும் அடங்கும். ட்ராக்கிலேயே கிடாரை 2,000-4,000 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் குறைத்து மிக்ஸ் செய்து வந்தால் குரல் உட்காரத் தனி இடம் கிடைக்கும்.

மைக் கேபிள் எக்ஸ்எல்ஆர்-டு-எக்ஸ்எல்ஆர்தான் (இரு முனையிலும் மூன்று பின் உள்ள உருண்டை இணைப்பு) வேண்டும். ஒரு முனையில் பழைய தடிப்பின் உள்ள வயர் நீளமாக ஓடினால் லைட் செட்டின் இரைச்சலையெல்லாம் இழுத்து வரும். பாண்டம் பவர், அதாவது மிக்சர் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம், இந்த மைக்குக்குத் தேவையில்லை. கேபிள் சரியாக இருந்தால் தெரியாமல் போட்டுவிட்டாலும் கெடாது.

குறையும் உண்டு. முணுமுணுப்பாகச் சொல்லும் வரிகளில் மூச்சின் நுணுக்கம் இதில் வராது. ரெக்கார்டிங்கில் மேல்பகுதி மங்கலாகத்தான் இருக்கும். வீட்டில் பதிவு செய்ய இதை மட்டும் நம்ப வேண்டாம்.

போலிகள் ஏராளம். வாங்கும் இடத்திலேயே எடைபோட்டுப் பாருங்கள். 298 கிராமிலிருந்து கணிசமாகக் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சாதாரண 58-இல் ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது. சுவிட்ச் உள்ள மாடல் தனியாக இருக்கிறது, ஆனால் துள்ளிக் குதித்துப் பாடுகிறவர் விரல் பட்டு அணைந்துபோகும், தவிர்க்கலாம்.

வெயிலூர் என்று பேரெடுத்த வேலூரில் சித்திரை வைகாசி மேடை என்றால் வியர்வையும் எச்சிலும் சேர்ந்து உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் சீக்கிரம் நாறும். அடைத்துக்கொண்டால் உயர் ஒலியும் மங்கும். உருண்டையைத் திருகிக் கழற்றி, மைக் உடம்பைத் தூர வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு விட்டு அலசுங்கள். ராத்திரி முழுக்க நிழலில் காயட்டும். ஈரத்தோடு மாட்டினால் கேப்ஸ்யூல் கெடும். உருண்டை நசுங்கியிருந்தால் தனியாகவே கிடைக்கும், மாற்றிவிடலாம்.