சோப்பா, நலங்கு மாவா? புதுச்சேரியில் இயற்கைக் குளியல் பொருள் வாங்குவோருக்கு

இயற்கையான குளியல் பொருள் தேடிப் புதுச்சேரியில் கடை ஏறுபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. நேரு வீதி, மிஷன் வீதிப் பக்கம் போனால் ஆரோவில்லிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கையால் செய்த சோப்புகள், உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெய்கள், முகப் பூச்சுகள் எல்லாம் கண்ணாடி அலமாரிகளில் அடுக்கியிருக்கும். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய நாட்டு மருந்துக் கடைகளில் அதே வேலைக்கான சரக்கு சாக்கிலும் டப்பாவிலும் கிடக்கும். நிறுத்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். இரண்டு இடங்களிலும் தொடர்ந்து வாங்கி எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருவதால், என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்துக்கும் தலைக்கும் நாட்டு மருந்துக் கடைச் சரக்கே சிறந்தது. உடம்புக்குத் தேங்காயெண்ணெயில் செய்த கைச்சோப்பு நன்றாக இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் பச்சை அட்டையில் வேப்பிலைப் படம் போட்டு வருபவற்றில் பெரும்பாலானவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கைச்சோப்புக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம் 'இதில் கெமிக்கலே கிடையாது' என்பது. அப்படி ஒரு சோப்பு இருக்க முடியாது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால்தான் சோப்பு உருவாகும்; அளவு சரியாக இருந்து வினை முழுமையாக முடிந்தால் சோப்பில் காஸ்டிக் சோடா மிஞ்சாது. ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது எந்த எண்ணெயில் செய்தது, எத்தனை வாரம் உலர வைத்தது என்பதைத்தான். சூடேற்றாமல் செய்யும் முறையில் நான்கு முதல் ஆறு வாரம் வரை உலர விடுவது வழக்கம். அவசரப்பட்டு விற்ற சோப்பு குளியலறையில் சீக்கிரம் கூழாகிவிடும். நேரு வீதிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொன்னார்கள். சோப்பு வார்த்த மாதத்தையும் உறையிலேயே முத்திரையிட்டிருந்தார்கள். இந்த வகைச் சோப்பில் கிளிசரின் பிரித்தெடுக்கப்படாமல் உள்ளேயே தங்குவதால் குளித்த பின் தோல் வறண்டு இழுப்பதில்லை. அதே கிளிசரின் காற்றின் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், தண்ணீர் வடியும் தட்டில் வைக்காவிட்டால் பாதி சோப்பு வீணாகும்.

எந்த எண்ணெய் என்று கேட்கச் சொல்வதற்கு நம் ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரையைக் கொன்று, வாளியின் விளிம்பில் வெள்ளைப் படலமாகப் படியும். தேங்காயெண்ணெய்ச் சோப்பு உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கும். ஆலிவ் எண்ணெய் மிகுந்த சோப்பு விலை கூடுதலாக இருந்தும் எங்கள் வீட்டுத் தண்ணீரில் வழவழப்போடு நின்றுவிட்டது. அது சோப்பின் குறை இல்லை என்றாலும், மணவெளியிலோ மஞ்சக்குப்பத்திலோ போர் தண்ணீரில் குளிப்பவர் அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. முழுக்கத் தேங்காயெண்ணெயாக இருந்தாலும் சிலருக்குத் தோல் வறளும். கொஞ்சம் நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ கலந்தது பொருத்தமாக இருக்கும்.

சூப்பர் மார்க்கெட் சரக்குக்கு அதிக இடம் ஒதுக்க விரும்பவில்லை. முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படித்தாலே போதும். சேர்மானங்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்ததாக வரிசைப்படுத்துவதுதான் முறை. சோடியம் பாமேட் (பாமாயிலிலிருந்து வரும் சோப்பு) முதலில் நின்று, வேப்பெண்ணெய் நறுமணத்துக்கும் நிறத்துக்கும் பக்கத்தில் கடைசியில் நின்றால் அது வேப்பம் சோப்பு என்ற பெயருக்குத் தகாது. 'டாய்லெட் சோப்' என்பதும் 'பேத்திங் பார்' என்பதும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோலில் முதல் தர டாய்லெட் சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 விழுக்காடு இருக்க வேண்டும். பேத்திங் பாருக்கு 40 விழுக்காடே போதும். மூலிகைப் பெயர் தாங்கி வரும் பல கட்டிகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

எந்தச் சோப்பும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய மிதமான அமிலத்தன்மை உடையது. கைகால் அதைத் தாங்கிக்கொள்ளும். முகம் அவ்வளவாகத் தாங்காது. பயறும் வாசனைக் கிழங்குகளும் சேர்த்து அரைக்கும் நலங்கு மாவை முகத்துக்கு நான் சிபாரிசு செய்வது பழமை மேல் உள்ள பற்றினால் மட்டும் இல்லை. பச்சைப்பயறு எண்ணெய்ப் பிசுக்கை மெல்ல இழுக்கும். தோலின் சொந்த எண்ணெயை வழித்தெடுக்காது.

பெரிய மார்க்கெட்டுக்கு அருகில் நான் வாங்கும் கடையின் சிறப்பு, கேட்டால் ஒவ்வொரு சரக்கையும் கையில் எடுத்துக் காட்டுவார்கள் என்பது. கஸ்தூரி மஞ்சள் பொடி கேட்டபோது கடைக்காரப் பெரியவர், "பொடியா வாங்காதம்மா, கெழங்கா வாங்கி ஒடச்சுப் பாரு" என்று சொல்லி ஒரு துண்டைக் கையிலேயே ஒடித்துத் தந்தார். உட்புறம் வெளிறிய சந்தன நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் கற்பூரம் போன்ற வாசனை எழுந்தது. விரலில் மஞ்சள் கறை ஒட்டவில்லை. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் சந்தையில் புழங்கும் பொடிகளில் பலவும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதற்குக் காரணம், அவை வேறொரு கிழங்கிலிருந்து வருவதுதான். நிறத்தைக் கூட்டச் சாயம் சேர்ப்போரும் உண்டு. பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா இதழ், வெட்டிவேர் என்று முழுச் சரக்காக வாங்கி வெயிலில் காயவைத்து அரைத்துக்கொண்டால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு கைச்சோப்பின் விலையில் ஒருவருக்குப் பல வாரத்துக்கான மாவு கிடைத்துவிடும். பிளாஸ்டிக் புட்டியும் வீட்டுக்குள் வராது.

வெட்டிவேர் விஷயத்தில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. கடலூர் மாவட்டத்தில் நொச்சிக்காடு, தியாகவல்லி போன்ற கடலோர மணற்பாங்கான ஊர்களில் அதைப் பயிர் செய்கிறார்கள். மணலில் வேர் ஆழமாக இறங்குவதால் நீளமாகவும் அழுக்கின்றியும் பிடுங்க வருகிறது. நறுமணத்துக்காகச் சந்தனத்தைத் தேடுவோர் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும். சந்தன மரத்தில் வாசனையுள்ள வைரம் ஏறப் பல ஆண்டுகள் ஆகும்; இயற்கையில் அது அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது; மலிவான 'சந்தன' சோப்பில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வாசனைதான். ஓராண்டை ஒட்டி அறுவடையாகி, பக்கத்து ஊர் விவசாயிக்கு வருமானம் தந்து, கோடையில் உடம்புக்குக் குளிர்ச்சியும் தருகிற வேர் இருக்கும்போது, சுற்றுச்சூழல் மீது அக்கறை உள்ளவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பமே வராது.

தலைக்குச் சீயக்காயோடு வெந்தயமும் காய்ந்த செம்பருத்தி இலையும் சேர்த்து அரைத்தது போதும். பூந்திக்கொட்டை அதிகம் நுரைக்கிறது என்று பலர் அளவைக் கூட்டுகிறார்கள். அது முடியை முரடாக்கும், கண்ணில் பட்டால் நெடுநேரம் எரியும். அதிலுள்ள சபோனின் என்ற நுரைப்பொருள் மீன்களுக்கு நஞ்சு என்பதால் தலை அலசிய தண்ணீர் குளத்திலும் வாய்க்காலிலும் நேராகச் சேரக் கூடாது. வாழைக்கும் கல்வாழைக்கும் பாயும்படி விட்டால் மண் அதைச் சிதைத்துவிடும். செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் எல்லா உயிருக்கும் தீங்கற்றது என்று எண்ணிவிட முடியாது. வாசனை எண்ணெய்களுக்கும் இது பொருந்தும். எலுமிச்சை, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒன்றிரண்டு நாள் பார்த்த பிறகு உடம்பெங்கும் பூசுவது நல்லது.

அந்த நாட்டு மருந்துக் கடையில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஆயத்தமாக அரைத்து விற்கும் பொட்டலங்களில் அரைத்த தேதி இருப்பதில்லை. கேட்டால் 'போன வாரம்' என்ற பதில்தான் எப்போதும் வருகிறது. நகரத்தில் வேறொரு கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரித்தபோது வண்டு வைத்திருந்தது. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். எனவே அரைத்த பொடியை வாங்குவதைவிடச் சரக்கை வாங்கி நீங்களே மாவு மில்லில் கொடுப்பது மேல். சீயக்காய்க்கென்று தனி எந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பார்த்துக் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு நலங்கு மாவைப் போட்டுவிட்டால் முகம் எரிந்துபோகும். அரைத்ததும் சூடு ஆறும்வரை பரப்பிவைத்து, சலித்து, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் அடைத்துக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். குளிக்கப் போகும்போது ஒரு கரண்டி மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடலோரக் காற்றுக்கு எந்தப் பொடியும் கட்டிதட்டும் என்பதால், அந்த மாதங்களில் கால் கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள்.