ஆஃபர் ஷீட்டா, டிரேடா? இளம் ஹாக்கி வீரரைத் தூக்க எது நல்ல வழி

நண்பர்களோடு நடத்தும் கீப்பர் லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து நாங்கள் நடத்தும் கற்பனை லீக், எடுத்த வீரர்களை அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்ளலாம்) வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் விதிகளை, ஓர் அணி வீரர்களுக்குச் செலவிடக்கூடிய உச்சத் தொகையான சம்பள வரம்பு உட்பட, அப்படியே வைத்திருக்கிறோம். இன்னொரு அணியின் இளம் தடுப்பாட்டக்காரர் ஒருவரை எடுக்க நான் டிரேட் பேசாமல் ஆஃபர் ஷீட் அனுப்பினேன். பேசி முடித்திருக்கலாமே என்று கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏன் என்று நிஜ என்எச்எல் கதைகளை வைத்தே சொல்கிறேன்.

விதி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: முதல் ஒப்பந்தம் முடிந்த இளம் வீரர் பெரும்பாலும் ஆர்எஃப்ஏ, அதாவது அவர் மீது பழைய அணிக்கு இன்னும் உரிமை உண்டு. ஜூலை 1 முதல் வேறொரு அணி அவருக்கு ஒப்பந்தம் நீட்டலாம், அதுதான் ஆஃபர் ஷீட். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பழைய அணிக்கு ஏழு நாள் அவகாசம். அதே தொகையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிட்டு டிராஃப்ட் பிக்குகளை, அதாவது புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை, ஈடாக வாங்கிக்கொள்ளலாம். சம்பளம் ஏற ஏற இந்த ஈடும் படிப்படியாகக் கூடும். டிரேட் என்றால் இரண்டு அணிகளின் ஜிஎம்களும் (பொது மேலாளர்கள்) பேசி ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டிரேடில் இருக்கும் நிம்மதி எல்லோருக்கும் தெரிந்ததே. பேசி முடித்தால் வீரர் நிச்சயம் வருவார், பகை வராது. 2025 ஜூன் கடைசியில் மான்ட்ரியால் அணி ஐலண்டர்ஸிடமிருந்து நோவா டாப்சனை இப்படித்தான் எடுத்தது. 16, 17ஆவது பிக்குகளையும் எமில் ஹைனமனையும் கொடுத்து, டாப்சனை 8 வருடத்துக்கு 76 மில்லியன் டாலரில் கட்டிப்போட்டார்கள். அந்த மாதிரி ஆட்டக்காரருக்கு நானும் டிரேடைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஆஃபர் ஷீட்டில் ஒரு கணக்கு இடிக்கிறது. ஒப்பந்தம் எத்தனை வருடமாக இருந்தாலும், ஈட்டைக் கணக்கிடும்போது மொத்தத் தொகையை அதிகபட்சம் ஐந்தால்தான் வகுப்பார்கள். ஏழு வருடத்துக்கு வருடம் 9 மில்லியன் என்று கொடுத்தால் மொத்தம் 63, அதை ஐந்தால் வகுத்தால் 12.6 மில்லியன், அதற்கு ஈடு நான்கு முதல் சுற்று பிக்குகள். எந்த ஜிஎம்மும் துணிய மாட்டார்.

ஆனால் நடுத்தர நிலையில், இன்னும் முழுசாக வெளிவராத 22, 23 வயதுப் பையன்களுக்கு ஆஃபர் ஷீட்தான் மேல் என்பது என் கட்சி. இதில் ஒன்றே ஒன்றுதான் முடிவைத் தீர்மானிக்கிறது: எதிரணியின் சம்பளக் கணக்கில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது. முதலாளியின் பணப்பையைக் குறிவைத்தவர்கள் தோற்றிருக்கிறார்கள். 2012இல் பிலடெல்ஃபியா ஷே வெபருக்கு 14 வருடம், 110 மில்லியன் என்று நீட்டியது, அதுவும் பெரும்பகுதி சைனிங் போனஸாக, அதாவது சம்பளத்துக்குப் பதில் மொத்தமாகக் கொடுக்கும் பணமாக. சிறிய சந்தையான நாஷ்வில்லால் தாங்க முடியாது என்று நினைத்தார்கள், நாஷ்வில் தாங்கியது. 2019இல் மான்ட்ரியால் செபாஸ்டியன் ஆஹோவுக்கு ஐந்து வருடத்துக்கு 42.27 மில்லியன் கொடுத்து, முதல் வருடத்திலேயே போனஸைக் குவித்து கரோலினா முதலாளியைத் திணறடிக்கப் பார்த்தது. அவரும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். பணம் இருப்பவன் எப்படியாவது கொடுத்துவிடுவான், வரம்பில் இடம் இல்லாதவன்தான் மாட்டிக்கொள்வான்.

அதற்கு உதாரணம் 2024 ஆகஸ்ட். எட்மன்டன் அந்த ஜூனில்தான் ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஃப்ளோரிடாவிடம் தோற்றிருந்தது. மறுபடி முயலவேண்டும் என்று ஜூலையில் ஜெஃப் ஸ்கின்னர், விக்டர் ஆர்விட்சன் என்று செலவழித்துவிட்டார்கள், ஆனால் ஃபிலிப் ப்ரோபெர்க், டிலன் ஹாலோவே இருவரும் இன்னும் கையெழுத்துப் போடாமலே இருந்தார்கள். புது ஜிஎம் ஸ்டான் போமன் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. செயின்ட் லூயிஸின் டக் ஆம்ஸ்ட்ராங் ஒரே நாளில் இருவருக்கும் ஆஃபர் ஷீட் அனுப்பினார், தலா இரண்டு வருடம்.

அந்தத் தொகைகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ப்ரோபெர்குக்கு வருடம் 4,580,917 டாலர், ஹாலோவேக்கு 2,290,457. அந்த வருட அட்டவணையில் ஈடு ஓர் இரண்டாம் சுற்று பிக் மட்டும் என்ற படியின் உச்சவரம்பு அதே 4,580,917, ஈடு ஒரு மூன்றாம் சுற்று பிக் மட்டும் என்ற படியின் உச்சம் அதே 2,290,457. ஒரு டாலர் கூடியிருந்தால் ப்ரோபெர்குக்கு முதல் சுற்று பிக் போயிருக்கும். எதிரணிக்கு எவ்வளவு வலிக்க வைக்க முடியுமோ அவ்வளவு, தன் பக்கம் கொடுப்பது குறைந்தபட்சம்! தனித்தனியாக அனுப்பியிருந்தால் எட்மன்டன் ஒருவரையாவது யோசிக்காமல் வைத்துக்கொண்டிருக்கும், இரண்டும் சேர்ந்து 6.87 மில்லியன் ஆனதும் திணறியது. அந்த ஏழு நாளுக்குள் கோடி சீசியை சான் ஹோசேக்கு அனுப்பிக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் இருவரையும் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு விஷயம், ஈடாகக் கொடுக்கும் பிக் உங்கள் சொந்த பிக்காக இருக்க வேண்டும், வேறு அணியிடம் வாங்கியது செல்லாது. செயின்ட் லூயிஸ் தன் 2025 இரண்டாம் சுற்று பிக்கை கெவின் ஹேய்ஸோடு சேர்த்து பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்திருந்தது. அதைத் திரும்ப வாங்கிய பிறகுதான் இந்த வேலையைத் தொடங்கினார்கள். முந்தைய சீசனில் மொத்தம் 9 புள்ளிதான் (கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து) எடுத்திருந்த ஹாலோவே, 2024-25இல் 26 கோல் உட்பட 63 புள்ளி எடுத்தார், அணியும் பிளேஆஃபுக்குப் போனது. 2019 டிராஃப்டில் எட்டாவதாக எடுக்கப்பட்ட தடுப்பாட்டக்காரர் ப்ரோபெர்கையும் 2020இல் பதினான்காவதாக எடுக்கப்பட்ட ஃபார்வர்ட் ஹாலோவேயையும் இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குக்கு எந்த ஜிஎம் டிரேடில் கொடுப்பார்?

இருந்தாலும் இதை வைத்து விதி எழுத எனக்குத் தயக்கம் உண்டு. 2005க்குப் பிறகு 2024 வரை ஆஃபர் ஷீட் மூலம் உண்மையிலேயே அணி மாறியவர்கள் நான்கே பேர்: 2007இல் டஸ்டின் பென்னர், 2021இல் யெஸ்பெரி கோட்கனியெமி, அப்புறம் இந்த இருவர். கோட்கனியெமி கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. ஒரு வருடத்துக்கு 6.1 மில்லியன் கொடுத்து, முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் இழந்து கரோலினா அவரை எடுத்தது. அவ்வளவு பெரிய ஒரு வருடச் சம்பளத்தை அடுத்த ஒப்பந்தத்துக்கு அடிப்படையாக வைக்க முடியாதே, அதனால் 8 வருடம், வருடத்துக்கு 4.82 மில்லியன் என்று நீட்ட வேண்டியிருந்தது. ஒரு சீசனில் 43 புள்ளி எடுத்தவர் அடுத்ததில் 27க்கு இறங்கிவிட்டார். வெறுமனே அதிகச் சம்பளம் கொடுத்து ஆளைப் பிடுங்கினால் அந்தச் சம்பளம் நம் தலையில்தான் உட்காரும்.

அந்தக் கரோலினாவே 2025இல் கே'ஆண்ட்ரே மில்லருக்கு டிரேட் வழியில் போனது. ஆச்சரியமில்லை, ஏனென்றால் 88 மில்லியனாக இருந்த வரம்பு 2025-26க்கு 95.5 ஆக ஏறிவிட்டது, எல்லோர் கையிலும் இடம் இருக்கும்போது யாரை நெருக்குவது? வரம்பு இப்படி ஏறும் வருடங்களில் என் வாதம் பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோப்பைக்காக மூத்த ஆட்டக்காரர்களை அள்ளிப்போட்டு, இளம் பையன்களின் ஒப்பந்தத்தை ஆகஸ்ட் வரை இழுத்துக்கொண்டு போகும் அணி ஒன்றிரண்டு எந்த வருடமும் கிடைக்கும். ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது சம்பளத்தை நடுவர் தீர்மானிக்கட்டும் என்று, போன வீரருக்கு ஆஃபர் ஷீட் அனுப்ப முடியாது, அதனால் அந்த உரிமை இன்னும் வராத பையனாகப் பார்த்துக்கொண்டு, நம் சொந்த இரண்டாம், மூன்றாம் சுற்று பிக்குகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.