ஒரே டேட்டாபேஸா, ஆளுக்கொன்றா?

சிங்கப்பூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கிறோம். தேக்கா பக்கத்து மளிகைக் கடைகள், சில சாப்பாட்டுக் கடைகள், ஜூரோங்கில் இரண்டு கட்டுமான நிறுவனங்கள் என்று 60 வாடிக்கையாளர்கள், எல்லாருடைய கணக்கும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் வாரமே கேட்டுவிட்டான்: "அண்ணே, ஆளுக்கொரு டேட்டாபேஸ் கொடுத்துட்டா நிம்மதிதானே?" நிம்மதி யாருக்கு என்பதுதான் கேள்வி.

மசேநிதியை, அதாவது மத்திய சேமநிதியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா பிடிக்கும் மாதச் சம்பள உச்சவரம்பு 6,000 வெள்ளியாக இருந்தது, 2023 செப்டம்பரில் 6,300 ஆனது, 2024 ஜனவரியில் 6,800, அடுத்த ஆண்டு 7,400, 2026இல் 8,000. ஒரே டேட்டாபேஸ் என்றால் ஒரு டேபிளில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இதையாவது, தனித்தனியாக வைத்தாலும் பொதுவான ஓர் இடத்தில் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் டேபிளின் அமைப்பையே மாற்ற வேண்டி வந்தால் அந்த மாற்றத்தைச் செய்யும் அதே மைக்ரேஷனை 60 தடவை ஓட்டியாக வேண்டும், அது 37ஆவதில் நின்றுபோனால் 36 பேர் புது அமைப்பிலும் 24 பேர் பழைய அமைப்பிலும் இருப்பார்கள், நம் நிரல் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். அதுவும் மாதக் கடைசியில் நடந்தால் கோப்பிக்கடைக்குக்கூடப் போக முடியாது.

கனெக்‌ஷன் கணக்கையும், அதாவது செயலி டேட்டாபேஸோடு பேச எத்தனை இணைப்பு திறக்கலாம் என்பதையும், பலர் மறந்துவிடுகிறார்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100 கனெக்‌ஷன், ஒவ்வொன்றும் தனி பிராசஸ், தனியாக மெமரி தின்னும். 60 டேட்டாபேஸுக்கு ஆளுக்கு ஐந்து வைத்தாலே 300. ஒரு டேட்டாபேஸுக்குத் திறந்த கனெக்‌ஷனை இன்னொன்றுக்குத் திருப்பவும் முடியாது, இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் போட்டாலும் டேட்டாபேஸ்வாரியாகத்தான் பிரித்து வைக்கும்.

இவ்வளவு சொன்னாலும் தம்பியின் பயம் நியாயமானது. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஓர் அறிக்கைக்கான க்வெரியில் வாடிக்கையாளர் எண்ணைச் சரிபார்க்கும் நிபந்தனையை எழுத மறந்துவிட்டேன், ஒரு கடைக்காரர் பக்கத்துக் கடை ஊழியர்களின் சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். நல்ல மனிதர், அதனால் தப்பித்தேன். இன்று அப்படி நடந்தால் விஷயம் வேறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தகவல் கசிந்தால்தான் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பெயரோ அடையாள அட்டை எண்ணோ சம்பளத்தோடு சேர்ந்து கசிந்தால் அது பெரும் பாதிப்பு வகையில் வருகிறது, எண்ணிக்கை பத்தாக இருந்தாலும். தெரிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான பிறகு தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல மூன்று நாள்தான் அவகாசம், ஞாயிற்றுக்கிழமையும் அதில் சேர்த்தி.

ஒரே டேட்டாபேஸில் இதற்கு மருந்து இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் 9.5, அதாவது 2016 முதல் ரோ லெவல் செக்யூரிட்டி வந்துவிட்டது: நிபந்தனையை நீங்கள் மறந்தாலும் டேட்டாபேஸே மற்றவர் வரிசைகளை மறைத்துவிடும். ஆனால் இதில் இரண்டு குழிகள் உண்டு. டேபிளின் உரிமையாளராக உள்ளே போனால் இந்தத் தடை பொருந்தாது, தனியாகக் கட்டாயப்படுத்த வேண்டும், எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசருக்கோ அதுவும் பொருந்தாது. ஆகவே செயலிக்கு அதிகாரம் குறைந்த வேறு யூசர் வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம். கனெக்‌ஷனைப் பலரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது "இப்போது இந்த வாடிக்கையாளர்" என்ற குறிப்பை அந்த டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும் என்று வைக்காவிட்டால், முந்தையவரின் குறிப்பு அப்படியே தங்கி அடுத்தவருக்குத் திறந்துவிடும். பூட்டே சாவியைக் கைமாற்றிக் கொடுத்த கதை.

தனி டேட்டாபேஸ் உண்மையில் ஜெயிக்கும் இடம் பாதுகாப்பைவிட மீட்பு என்பேன். ஒரு கடையின் கணக்காளர் போன மாதக் கணக்கு முழுவதையும் தவறுதலாக அழித்துவிட்டு, "நேத்து இருந்தமாதிரி கொடுங்க" என்கிறார். தனியாக இருந்தால் அவருடையதை மட்டும் நேற்றைய பேக்கப்பிலிருந்து எடுத்து வைக்கலாம். ஒரே டேட்டாபேஸ் என்றால் 60 பேருடைய பேக்கப்பையும் வேறொரு சர்வரில் ஏற்றி, அதிலிருந்து அவருடைய வரிசைகளைப் பொறுக்கி, எந்த டேபிள் எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்த்து வரிசைக்கிரமமாகத் திரும்பச் சொருக வேண்டும். எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது. வாடிக்கையாளர் விலகும்போதும் இதே வித்தியாசம்தான்: அங்கே ஒரு கட்டளை, இங்கே நாற்பது டேபிளில் தேடித் தேடி நீக்கினாலும் பழைய பேக்கப்புகளில் அவர் இன்னும் இருப்பார்.

ஒருவரின் பெரிய அறிக்கை மற்றவர்களையும் மெதுவாக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் எங்கள் அளவுக்கு தேடலை வேகமாக்கும் நல்ல இன்டெக்ஸ் போட்டாலே தீர்ந்தது. அப்புறம் ஒரே டேட்டாபேஸுக்குள் ஆளுக்கொரு ஸ்கீமா, அதாவது உள்ளேயே ஆளுக்கொரு தனிப் பெட்டி என்ற நடுவழி. மைக்ரேஷன் தலைவலி அப்படியே இருக்கும், தனி பேக்கப்பின் வசதியும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, சின்னக் கடைகள் எல்லாம் ஒரே டேட்டாபேஸில், ரோ லெவல் செக்யூரிட்டியோடு. தனி இடம் வேண்டும் என்று கேட்டு அதற்குக் காசும் கொடுக்கிறவருக்கு மட்டும் தனி. இது பின்னால் சாத்தியப்பட வேண்டுமானால் இரண்டு விஷயங்களை முதல் நாளே செய்திருக்க வேண்டும்: எந்த வாடிக்கையாளர் எந்த டேட்டாபேஸில் என்று சொல்லும் ஒரு டேபிள், அப்புறம் 1, 2, 3 என்று ஓடாத, எங்கே கொண்டுபோய் வைத்தாலும் மோதாத யூயூஐடி எண்கள். முதலாவது எங்களிடம் இருக்கிறது, இரண்டாவது இல்லை. ஜூரோங் நிறுவனம் ஒன்று தனி டேட்டாபேஸ் கேட்டிருக்கிறது, எண்களை மாற்றும் வேலையைத் தம்பியிடம்தான் கொடுத்திருக்கிறேன்.