நினைவுக் கொப்பிக்கு எது நல்லது: சீ.ஆர். கொப்பியா, ஒட்டும் அல்பமா?

மனச்சிதைவு நோயுள்ள ஒருவரிடம் பள்ளிக்கூட நாளில் நடந்த ஒன்றைக் கேட்டால், "நல்லூர்த் திருவிழாவுக்குப் போறனாங்கள்" என்பதோடு பலருக்குப் பேச்சு நின்றுவிடும். எந்த வருசம், ஆரோடு, தேரன்று என்ன கண்டார் என்பது வராது. நோய் தொடங்கிய பிறகான ஆண்டுகள் இன்னும் மங்கிக் கிடக்கும். அந்த ஒரு நாளுக்குள் திரும்பிப் போக முடியாதபோது, அங்கே நின்றது நான்தான் என்ற பிடியும் தளர்கிறது. நடந்த நாள்களைப் படத்தோடு எழுதிவைக்கும் நினைவுக் கொப்பி அதற்குத்தான்.

யாழ்ப்பாணப் புத்தகக் கடைகளில் வாங்கக்கூடியவற்றில் எங்கள் தெரிவு, கெட்டி மட்டை போட்டு நூலால் தைத்த 160 பக்க சீ.ஆர். கொப்பி. ஒட்டும் பக்க அல்பம் பார்க்க வடிவுதான். ஆனால் பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தோடு பிடித்துக்கொள்ளும். மாரி ஈரம் அதைக் கூட்டும். அதைவிடப் பெரிய குறை, எழுத இடமில்லை.

சீ.ஆர். கொப்பிக்கும் ஒரு குறை உண்டு: தாளை இடம் மாற்ற முடியாது, நினைவுகளோ வரிசையில் வருவதில்லை. முதல் 4 பக்கத்தை, எந்த நினைவு எந்தப் பக்கத்தில் என்று காட்டும் வயதுவாரியான அட்டவணைக்கு விடுங்கள். மிச்சத்தில் சுமார் 75 நாளுக்கு இடமுண்டு.

இடப்பக்கம் படத்தின் போட்டோக் கொப்பி, மூலப்படத்தை ஒட்டவேண்டாம். வலப்பக்கம் ஒரே ஒரு நாள்: எங்கே, எப்போது, ஆர் நின்றது, கண்டது, கேட்டது, மணந்தது, கடைசியில் அது தனக்கு என்னவாக இருந்தது. அந்தக் கடைசி வரிதான் கடினம், வெறுமையாக விடலாம். திகதி தெரியாவிட்டால் "95 இடப்பெயர்வுக்கு முதல்" என்பதே போதும்.

இரண்டு நிறப் பேனை கட்டாயம். தானாக நினைவு வந்தது நீலம். அம்மாவோ அண்ணாவோ சொன்னது சிவப்பு. கண்டதா, கேள்விப்பட்டதா, மனதில் நினைத்ததா என்று பிரித்தறிவது இந்நோயில் தடுமாறும். வழமையாகப் பிழைக்கும் இடமும் இதுதான்: வீட்டார் அன்பில் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி நிரப்பிவிடுவார்கள். கொப்பி நிறையும், அது அவருடையதாய் இராது. "பிறகு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு நாள், அரை மணிக்கு மேல் வேண்டாம். இழப்புகளின் பக்கம் தள்ளக்கூடாது. பதற்றமோ, நோயால் காதில் கேட்கும் குரல்களோ கூடினால் மூடிவைத்துக் கிளினிக்கில் சொல்லுங்கள். நோய்க்கான மருந்தால் வரும் நடுக்கத்துக்குத் தரும் பென்செக்சோல் மாத்திரையும் நினைவை மங்கவைக்கலாம். தானாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள்.

கொப்பியை வைக்கப் பூட்டுள்ள லாச்சி ஒன்று வேண்டும். திறப்பு அவரிடமே இருக்கட்டும்.