ஸ்மோக்கருக்கு எந்தக் கரி: துண்டுக்கரியா, அச்சுக்கரியா?

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் ஸ்மோக்கர் (புகையில் மெல்ல வேகவைக்கும் அடுப்பு) வைத்துப் பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) சமைப்பவர்கள் முதலில் தடுமாறுவது கரி வாங்கும்போதுதான். துண்டுக்கரி என்பது மரத்துண்டுகளை அப்படியே கரியாக்கியது; அச்சுக்கரி என்பது கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்தது.

சூடு
துண்டுக்கரி: காற்றுத்துளையைக் கொஞ்சம் திறந்தாலே சட்டென ஏறிவிடும். பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
அச்சுக்கரி: எல்லாம் ஒரே அளவு. 110 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக நிற்கும்.

பெரிய பிரிஸ்கெட் வேக 12 மணி நேரம்கூட ஆகும் என்பதால் இதுதான் முக்கியமான வேறுபாடு. கெட்டில் அடுப்பின் (மூடியுள்ள உருண்டை அடுப்பு) ஓரமாக அச்சுக்கரியை வளைத்து இரண்டு வரிசை அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்றவையுங்கள். நெருப்பு பாம்பு மாதிரி மெல்ல ஊர்ந்துபோகும். துண்டுக்கரியில் நடுவே இடைவெளி விழுந்து, வழியிலேயே அணைந்துவிடலாம்.

சாம்பல்
துண்டுக்கரி: குறைவு.
அச்சுக்கரி: நிறைய. அடியில் சேர்ந்து காற்றை அடைக்கும். நள்ளிரவில் சூடு இறங்கினால் உடனே கரியைக் கொட்டாதீர்கள், முதலில் சாம்பலைத் தட்டிவிடுங்கள்.

விலை
துண்டுக்கரி பொதுவாகக் கூடுதல். பையின் அடியில் பொடியும் வரும்.

மணத்துக்காகக் குழம்ப வேண்டாம். அதைக் கூடவே போடும் ஹிக்கரி, ஓக் மரக் கட்டைகள் தரும். ஆனால் பற்றவைக்கும் எண்ணெய் ஊறிய அச்சுக்கரியைத் தொடவே தொடாதீர்கள், அந்த நெடி கறியில் ஏறிவிடும்.

களிமண் கமாடோ (தடித்த சுவருள்ள முட்டை வடிவ அடுப்பு) வைத்திருந்தால் துண்டுக்கரி வாங்குங்கள்: சூட்டைச் சுவரே காக்கும், சாம்பல் தொல்லையும் இல்லை. கெட்டில் அடுப்போ, முதல் பிரிஸ்கெட்டோ என்றால் அச்சுக்கரிதான்.