தெருவிளக்கு, கமரா, பற்றைக் காணி: யாழ்ப்பாணத்துப் பிரதேச சபைகளும் ஊர்ப் பாதுகாப்பும்

ஊருக்குப் போய்த் திரும்புகிற எவரிடம் கேட்டாலும் முறைப்பாடு ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒழுங்கையில் லைற் எரிவதில்லை, பக்கத்துக் காணி பற்றை மண்டிக் கிடக்கிறது, சந்தியில் பெடியள் கூடி நிற்கிறார்கள், பொலிசுக்குச் சொன்னால் வருவதில்லை. கடைசியில், "பிரதேச சபை என்னதான் செய்யுது?" முதல் இரண்டும் சபையின் வேலைதான். மூன்றாவதில் சபைக்குப் பாதிப் பங்கு உண்டு. நாலாவதில் ஒரு அதிகாரமும் இல்லை. இது தெரியாமல் தவிசாளரின் அறை வாசலில் காத்து நிற்பதிலேயே பலருக்கு விடுமுறை போய்விடுகிறது.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குக் குழப்பம் இன்னும் கூட. அங்கே 1998ஆம் ஆண்டில் வந்த சட்டத்தின்படி உள்ளூர்க் கவுன்சிலும் பொலிசும் ஒன்றாக இருந்து குற்றத் தடுப்பைத் திட்டமிடவேண்டும். அது கவுன்சிலின் சட்டக் கடமை. இலங்கையில் பொலிஸ் கொழும்பின் கையில். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குக் கொடுத்த பொலிஸ் அதிகாரமே இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, பிரதேச சபையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்கும் உரிமை தவிசாளருக்கு இல்லை. சபையின் கையில் உள்ளவை வெளிச்சம், துப்புரவு, உள்வீதிகள், வியாபார அனுமதி, கட்டட அனுமதி ஆகியவை. இவற்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்தாலும் இருட்டிய பிறகு ரியூசனால் வரும் பிள்ளைகளுக்குப் பயம் குறையும்.

யாழ் மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என்று மொத்தம் 17. 2023 மார்ச் 19ஆம் திகதியோடு பழைய சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு ஜூன் 2ஆம் திகதி புதியவை தொடங்கும்வரை பிரதேச, நகர சபைகளைச் செயலாளர்களும் மாநகர சபையை ஆணையாளருமே நடத்தினார்கள். இப்போது கேட்க ஆள் இருக்கிறது. ஆனால் யாரைக் கேட்பது? உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களில் வென்றவர்கள், 40 வீதமானோர் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். பட்டியலில் வந்தவர் சொந்தக்காரராகவோ கூடப் படித்தவராகவோ இருக்கலாம், ஓடி ஓடி உதவியும் செய்யலாம். ஆனாலும் உங்கள் ஒழுங்கை சபைக் கூட்டத்தில் வட்டார உறுப்பினரின் பெயரில்தான் பேசப்படும். அவரை விட்டுவிட்டுப் போனால் அந்தக் கோபமே வேலையைத் தாமதமாக்கும்.

இனித் தெருவிளக்குக்கு வருவோம். வெளிநாட்டுக் காசு அதிகம் போவதும் வீணாவதும் இதில்தான்.

பழுதான விளக்கைச் சபையின் உப அலுவலகத்தில் சொல்லும்போது "எங்கட வீட்டடி லைற்" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. கம்பத்தில் மின்சார சபை எழுதிய இலக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போய், முறைப்பாட்டுப் பதிவில் அந்த இலக்கத்தோடு எழுதுவிக்கவேண்டும். சபையின் மின்னியலாளர் ஏணி வாகனத்தோடு ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று போவார். கையில் இருக்கும் பட்டியலில் இலக்கம் இல்லாத கம்பத்தில் ஏறமாட்டார். அடுத்த முறை அந்தப் பக்கம் வர வாரக்கணக்காகலாம்.

புதிய விளக்குப் போடுவதென்றால் முதலில் வயரைப் பாருங்கள். முறுக்கு வயர் போகும் இடங்களில் தடித்த இழைகளோடு மெல்லிய ஒன்றும் சேர்ந்து ஓடும். 16 சதுர மில்லிமீற்றர் அளவுள்ள அந்த இழை தெருவிளக்குக்கென்றே விட்டது, ஆளியோடு சேர்ந்தது. அது உங்கள் ஒழுங்கைக்குள் வராமல் சந்தியோடு நின்றிருந்தால், விளக்கு வாங்குவதற்கு முன்பே மின்சார சபையிடம் வயரை நீட்டுவதற்கு மதிப்பீடு கேட்கவேண்டும். அதைப் பிரதேச சபை மூலம் கேட்பதே முறை. அவசரப்பட்டு வீட்டு லைனில் கொழுவினால் விளக்கு பகலிலும் எரியும், பிறகு மின்சார சபை வந்து வெட்டிவிட்டுப் போகும். இப்படி வெட்டுப்பட்டுத் தொங்கும் விளக்குகளை வலிகாமத்திலும் பார்க்கலாம், தீவகத்திலும் பார்க்கலாம். பலவற்றில் நன்கொடையாளரின் பெயர்ப் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும்.

விளக்கின் தரமும் முக்கியம். ஒழுங்கைக்கு 20 முதல் 30 வோட்ஸ் எல்ஈடி தாராளம். ஆனால் மலிவு விளக்குகளுக்குள் மின்பாய்ச்சலைத் தாங்கும் பகுதி இருக்காது. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ஒரு இரவிலேயே ஒரு வரிசை போய்விடும். 10 கிலோவோல்ற் பாய்ச்சல் பாதுகாப்பும், தூசியும் தண்ணீரும் புகாத ஐபி66 தரமும் உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும். கடற்கரை ஊர் என்றால் கிளாம்பும் ஆணியும் துருப்பிடிக்காத இரும்பாக இருக்கட்டும், சாதாரண ஆணி உப்புக்காற்றில் நிற்காது. தனித்தனி ஒளியுணர் ஆளி வைத்தால் விளக்கின் சொந்த வெளிச்சமோ, காற்றில் ஆடும் வடலியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமோ அதன் கண்ணில் படக்கூடாது. பட்டால் இரவெல்லாம் எரிவதும் நூருவதுமாக இருக்கும். சூரிய ஒளி விளக்கு என்றால் பற்றரியைப் பாருங்கள். ஈய அமில பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் படுத்துவிடும், பனைநிழல் விழும் இடத்தில் அதற்கும் முன்பே. லித்தியம் அயன் பொஸ்பேற் வகை கூடக்காலம் நிற்கும், விலையும் கூட.

எதை வாங்குவதற்கும் முன்பு சபை மின்னியலாளரிடம் அவர்கள் களஞ்சியத்தில் என்ன வகை இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதே வகையை வாங்கி, 20 விளக்குக்கு இரண்டு மூன்று என்று உதிரியும் சேர்த்துக் கொடுத்தால் பழுது பார்ப்பது அவருக்கும் சுலபம். காசை உறுப்பினரின் கையில் கொடுக்கவே கூடாது. பொருளாகக் கொடுத்தால் கையளிப்புக் கடிதம், காசாகக் கொடுத்தால் சபைச் சிறாப்பரிடம் (காசாளர்) கட்டிப் பற்றுச்சீட்டு. பிறகு சபைக் கூட்டத்தில் நன்கொடையை ஏற்கும் தீர்மானமும் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரியும் வேண்டும். அந்த வரி இல்லாத விளக்குக்குச் சபை குமிழும் வாங்காது, ஆளும் அனுப்பாது. கணக்காய்வில் "இது யாருடைய பொருள்?" என்று கேட்டால் செயலாளர்தானே பதில் சொல்லவேண்டும்.

கமராவிலும் இதே சிக்கல்தான். வாள்வெட்டுக் கும்பல்களின் பயத்தில் சந்தி, கோயிலடி, வாசிகசாலை என்று நிறைய இடங்களில் பூட்டியிருக்கிறார்கள். பூட்டியதோடு சரி. தேவை வந்து பொலிஸ் பதிவைக் கேட்கும்போதுதான் ஒன்றுமில்லை என்று தெரிகிறது. நாலு கமரா, ஒவ்வொன்றும் வினாடிக்கு 2 மெகாபிற் என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86 ஜிகாபைற் போகும். அதாவது 1 ரெராபைற் தட்டில் பதினொரு நாள் நிற்கும், படத்தைக் குறைவாகச் சுருக்கும் பழைய பதிவு முறையில் அதில் பாதிதான். களவு போனது இரண்டு கிழமை கழித்துத் தெரிந்தால் பதிவு அழிந்திருக்கும். பதிவுப் பெட்டி பெரும்பாலும் சந்திக் கடையில் இருக்கிறது. கடைக்காரர் பூட்டிப் போகும்போது மெயினை நிறுத்தினால் கமராவும் நின்றுபோகும். மின்தடைக்குப் பிறகு பெட்டியின் மணிக்கூடு பின்னுக்குப் போவதும் உண்டு. நேரம் பிழையான பதிவோடு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேலை சுலபம். சமகாலப் பதிவுகளை, அதாவது சம்பவம் நடக்கும்போதே எடுபட்டவற்றை, சாட்சியமாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே மற்றத் தரப்புக்கு அறிவிக்கவேண்டும், கருவி ஒழுங்காக வேலை செய்தது என்றும் காட்டவேண்டும். எனவே தனி மின்னிணைப்பு, சிறிய யூபிஎஸ், மாதம் ஒருமுறை நேரத்தையும் பதிவையும் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வைக்க ஒரு ஆள். இதற்கு வழியில்லை என்றால் அந்தக் காசை விளக்குக்கே கொடுக்கலாம். இரவில் மோட்டார் சைக்கிள் இலக்கத்தகடு படவேண்டுமென்றால் அதற்கு வேறு கமரா, தகட்டின் உயரத்துக்கு இறக்கிப் பூட்டவேண்டும். உயரக் கம்பத்தில் இருக்கும் சாதாரண கமராவுக்கு வெள்ளைப் பொட்டுத்தான் தெரியும்.

பற்றைக் காணி விடயத்தில் குற்றவாளி வெளிநாட்டில் இருக்கும் நாங்களேதான். பூட்டிய வீடு, இடிந்த மதில், கட்டில்லாத கிணறு, எல்லாம் ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருப்பவருடையது. பாம்பும் கசிப்பும் களவுப் பொருளும் அங்கேதான் ஒதுங்கும். மாரியில் நுளம்பு. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் காணிக்காரரையே பொறுப்பாக்குகிறது. மார்கழி, தையில் டெங்கு கூடும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸ், சபை ஆட்கள், கிராம அலுவலர் எல்லோரும் சேர்ந்து வீடு வீடாக வருவார்கள். ஊரில் உண்மையாகவே கூட்டாக நடக்கும் வேலை என்றால் இது ஒன்றுதான். அவர்கள் பூட்டிய கேற்றில் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போவார்கள். சபையின் சோலைவரிப் பதிவேட்டில் இருப்பதோ எப்போதோ இறந்துபோன பாட்டனின் பெயர். கடிதம் யாருக்குப் போகும்?

ஊரில் நிற்கும்போது முடிக்கவேண்டிய வேலை இது. உறுதிப் பிரதி, காணி வரைபடம், அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவற்றோடு சபைக்குப் போய்ச் சோலைவரிப் பதிவில் பெயரை மாற்றக் கேளுங்கள். நிலுவை இருந்தால் முதலில் அதைக் கட்டச் சொல்வார்கள். வருட வரி முழுவதையும் தை 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. ஊரில் உள்ள ஒருவரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கோப்பில் போடுங்கள். அற்றோணித் தத்துவம் கொடுப்பதாக இருந்தால் துப்புரவு, வரி, சபை, பொலிஸ் அலுவல் என்று எல்லையை எழுதுங்கள், விற்கும் அதிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவேண்டாம். பற்றை வெட்டுவது வருடத்தில் இரண்டு தரம்: புரட்டாசியில் மழைக்கு முன்பு ஒன்று, மழை விட்டபின் மாசியில் ஒன்று. ஒருமுறை வெட்டி எரித்துவிட்டுப் போனால் அடுத்த மாரியில் முன்பைவிட அடர்ந்து வரும். பாவிக்காத கிணற்றுக்கு வலை போட்டு, சுகாதாரப் பணிமனையில் கேட்டுக் கப்பி மீன் விடலாம். கிணற்றை மூடிக் கொங்கிறீற் போடச் சிலர் அவசரப்படுகிறார்கள். அயல் முழுவதுக்கும் நிலத்தடி நீர்தான் என்ற ஊரில் நல்ல கிணற்றைத் தூர்ப்பது மடைத்தனம்.

ஒழுங்கைப் பெயர்ப் பலகை சின்ன விடயம், ஆனால் 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்சுக்கு வழி சொல்லிப் பாருங்கள். "அம்மன் கோயிலால திரும்பி, உடைஞ்ச மதிலடி" என்று மூச்சுத் திணறுகிறவர் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வீதிக்குப் பெயர் வைப்பதும் பலகை நடுவதும் சபையின் வேலை. பெயரில் அயலவருக்குள் இழுபறி இருந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் அயலார் எல்லோரும் ஒப்பமிட்ட ஒரு பெயரோடு போவது நல்லது.

இவற்றையெல்லாம் தனி ஆளாகக் கொண்டுபோவதைவிடச் சனசமூக நிலையத்தின் கடிதத் தலைப்பில் கொண்டுபோனால் பாரம் கூட. சனசமூக நிலையங்கள் சபையில் பதிவானவை. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் வேறு திணைக்களத்தின் கீழ். நிலையம் பதிவைப் புதுப்பித்திருக்கிறதா, பொதுக்கூட்டம் நடந்ததா என்று முதலில் பாருங்கள், கனக்க இடங்களில் கதவு திறப்பதே பத்திரிகை பார்க்கத்தான். சபைகளின் பாதீடு வருடக் கடைசியில் நிறைவேறும். ஆகவே ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கொடுக்கும் கோரிக்கைக்கு அடுத்த வருடக் கணக்கில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. மார்கழி விடுமுறையில் வந்து கேட்டால் கோப்பு மூடியிருக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், உறுப்பினரல்லாத ஊரவரையும் சபையின் குழுக்களில் சேர்க்க இடம் விட்டிருக்கிறது. இதைக் கேட்டு வாங்கிய ஊர்கள் குறைவு. கோரிக்கைக்கு என்ன நடந்தது என்று பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடலாம். விண்ணப்பம் போனதுமே கோப்பு அசைவதுதான் வேடிக்கை. இச்சட்டம் இலங்கைப் பிரசைகளுக்குரியது, அதனால் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் ஊரிலிருப்பவரின் பெயரில் போடவேண்டும்.

பொலிஸ் பக்கத்தில், கிராம அலுவலர் பிரிவுகளில் சிவில் பாதுகாப்புக் குழுக்கள் என்று இருக்கின்றன. சில இடங்களில் கூட்டம் ஒழுங்காக நடக்கிறது, சில இடங்களில் பெயர்ப் பட்டியலோடு சரி. சனம் ஒதுங்குவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. போதைப்பொருள் விற்கிறவனின் பெயரைக் கூட்டத்தில் சொன்னால் இரவுக்குள் அவன் காதுக்குப் போய்விடும் என்ற பயம், அதைக் காரணமற்ற பயம் என்றும் சொல்ல முடியாது. ஆகவே கூட்டத்தில் ஆளைச் சொல்லாமல் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்: இந்தச் சந்தி, இரவு எட்டரைக்குப் பிறகு, இந்தப் பூட்டிய கட்டடம். கட்டடம் என்றால் சபைக்கும் ஒரு பிரதி. ஆளின் பெயரைச் சொல்லவேண்டியிருந்தால் பொறுப்பதிகாரியிடம் நேரில் சொல்லுங்கள்.

களவோ அடிபாடோ நடந்து முறைப்பாடு கொடுக்கப் போனால் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதியதை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கம், திகதி, பொலிசார் எந்தப் பதிவுப் புத்தகத்தில் எழுதினார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு காப்புறுதிக்கோ கடவுச்சீட்டுக்கோ பிரதி எடுக்க அதுதான் தேவை. அவசரத்துக்கு 119, பெண்களுக்கு 1938, பிள்ளைகள் விடயத்துக்கு 1929. வெளிநாட்டு சிம்மோடு நிற்பவர்கள் உள்ளூர் சிம் ஒன்றை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுங்கள், பொலிசார் திருப்பி எடுக்கும்போது பிரித்தானிய இலக்கத்துக்கு எடுக்கமாட்டார்கள்.